நாலாவது கால்

செவ்வாய்க் கிரகத்து வாய்க்கால்களில் யார் முறை வைத்துத் தண்ணீர் திறக்கிறார்கள் என்று என் மனைவி கேட்ட அன்றைக்குத்தான் நான் மறுபடி படம் கீறத் தொடங்கினேன். அந்தக் கதையை அவளுக்கு நான் செய்த ஒரு பிழையோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். அவள் போய்ச் சில வருடங்களாகிவிட்டன. இனிச் சொல்வதற்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மனிதன் ஒருவன் விண்வெளியில் பூமியைச் சுற்றி வந்தான் என்று வானொலி சொல்லி அதிக காலம் ஆகவில்லை. நான் கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் படவரைஞனாக இருந்தேன். கல்யாணமான புதிது. அரசாங்க விடுதி வீட்டில் இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் நாலு வீட்டுக்குப் பொதுவான கிணறு. குளத்திலிருந்து வயல்களுக்கு வெட்டப்போகும் வாய்க்கால்களை நாள் முழுக்க மேசையில் குனிந்து நின்று கீறுவேன். வீட்டுக்கு வந்தால் வாசிப்பேன்.

வாசித்தவை வேற்றுலகக் கதைகள். முல்லைத்தீவைச் சேர்ந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் சந்தைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தார். சாமான் சுற்றுவதற்குக் கொழும்பிலிருந்து பழைய ஆங்கிலச் சஞ்சிகைகளைக் கட்டுக்கட்டாக எடுப்பிப்பார். கொத்தமல்லி வாங்கப்போன ஒருநாள் அந்தக் கட்டின் மேலே ஒரு அட்டையைக் கண்டேன். சிவப்பு மணல்வெளி, அதற்கு மேல் இரண்டு சந்திரன். அதைக் கேட்டு வாங்கினேன். அதன்பிறகு அவரே எனக்காகப் பொறுக்கி வைக்கத் தொடங்கிவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அவருடைய தெரிவு பிழைத்ததில்லை.

"மனிசர் மாதிரி இல்லாத அட்டையெல்லாம் உங்களுக்கெண்டு ஒதுக்கி வைச்சிருக்கன் ஐயா," என்பார். "இதில சீனி சுத்திக் குடுத்தால் பிள்ளையள் பயப்பிடும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணிறக் கடதாசியில் உறை போடுவேன். கந்தோரில் எல்லோரும் நான் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்றே நினைத்தார்கள். நான் திருத்தவில்லை. கல்லூரியில் லத்தீன்வரை படித்தவன் மூன்று கால் சனங்களைப் பற்றி வாசிக்கிறான் என்று தெரிந்தால் சிரிப்பார்கள் என்று எனக்குப் பயம். அந்தப் பயம்தான் பிறகு வேலை செய்தது.

அந்தக் கதைகளில் என்ன நடக்கிறது என்பதைவிட அங்கே என்னென்ன இருக்கிறது என்பதே எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஊர்க் கதவு எந்தப் பக்கம் திறக்கும், அந்த மண்ணில் நடந்தால் கால் எவ்வளவு புதையும் என்றெல்லாம் யோசிப்பேன். சிறுவயதில் நான் ஓயாமல் படம் கீறியவன். பாடப்புத்தக ஓரங்களில் ஆசிரியர்களின் மூக்குகளைக் கீறி அடி வாங்கியிருக்கிறேன். தொழில் பழகப்போன இடத்தில் அது நின்றுபோயிற்று. படவரைஞனின் கோட்டில் படவரைஞன் தெரியக் கூடாது. எந்தக் கை கீறினாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சில வருடங்களில் அந்தப் பாடம் எனக்கு நன்றாகவே வந்துவிட்டது. அடிமட்டம் இல்லாமல் என் கை ஒரு விரற்கடை தூரம்கூடப் போகாது.

மனைவியின் தாய் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்கள். தண்ணீர் முறைக்காக அயலவர்கள் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், கதை விளங்கும் அளவுக்கு வராது. உறை போட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு நான் தனியே சிரிப்பதைக் கண்டு, பரீட்சைப் புத்தகத்தில் என்ன பகிடி என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் குசினியில் வேலை செய்ய, நான் வாசற்படியில் இருந்து கதையைத் தமிழில் சொல்வது வழக்கமாயிற்று.

அப்போது ஒரு தொடர்கதை போய்க்கொண்டிருந்தது. வறண்டுபோன செவ்வாய்க் கிரகம். அதன் உச்சியில் உறைந்து கிடக்கும் பனி உருகி, நீண்ட வாய்க்கால்கள் வழியாக வர வேண்டும். தண்ணீர் வருடத்துக்கு வருடம் குறைகிறது. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கூட்டம் காத்துக்கொண்டிருக்கிறது. நான் இதைச் சொன்னபோதுதான் அவள் தேங்காய் திருவுவதை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள். யாரும் முறை வைப்பதாகக் கதையில் இல்லை என்றேன்.

"அப்ப தலைப்பில இருக்கிறவை தங்கட வயலை நிரப்பிப்போட்டு மிச்சத்தைத்தானே விடுவினம். கடைக்கண்டத்துச் சனம் பாவம்," என்றாள். பிறகு, "அதுகள் எப்பிடி இருக்குங்கள்?" என்றாள்.

மூன்று கால், நீண்ட கழுத்து, கண் பக்கவாட்டில் என்று விளக்கினேன். அவளுக்குப் பிடிபடவில்லை.

"கீறிக் காட்டுங்கோவன். கீறத்தானே சம்பளம் எடுக்கிறீங்கள்."

பென்சில் எடுத்துக் கீறினேன். முன்தோற்றம் ஒன்று, பக்கத்தோற்றம் ஒன்று, நடுவே அச்சுக்கோடு. கழுத்தின் நீளத்தையும் குறித்திருந்தேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது பிளான். சனம் எங்க?" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடுத்த நாள் பின்னேரம் திரும்பவும் கீறினேன்.

கீறுவதற்குத் துணி இருந்தது. அந்த நாட்களில் முக்கியமான படங்களை ட்ரேசிங் சீலையில்தான் எடுப்போம். மெல்லிய பருத்தித் துணிக்கு மேல் கஞ்சிப்பூச்சுப் பூசி, கண்ணாடி மாதிரி மினுக்கி, இளநீலமாக வரும். பிழைத்துப்போன துண்டுகளைப் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார். எங்கள் தலைமைப் படவரைஞரைத்தான் பெரியவர் என்று சொல்லுவோம். மனைவிமார் அதைச் சவர்க்காரம் போட்டு அவிப்பார்கள். கஞ்சியும் நீலமும் கழன்று, கடையில் வாங்க முடியாத மென்மையில் வெள்ளைத் துணி வரும். படவரைஞர் வீட்டுக் கைக்குழந்தைகள் எல்லாம் அந்தத் துணியில்தான் சட்டை போட்டார்கள். என் மனைவிக்கும் அப்போது வயிற்றில் பிள்ளை. நான் கொண்டுவரும் துண்டுகளில் பாதியைச் சட்டைக்கு ஒதுக்கி, பாதியை எனக்குத் தந்தாள்.

அந்தச் சீலைக்கு ஒரு குணம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் பூச்சுக் கரைந்து வெள்ளைப் பொட்டு விழும். ஒருமுறைதான் அவளுக்குச் சொன்னேன். அதன்பிறகு ஒவ்வொரு படத்தையும் பார்க்க வரும்போது இரண்டு கையையும் தான் உடுத்திருந்த சீலைத் தலைப்பில் உள்ளும் புறமும் துடைத்துவிட்டு, அதுவும் போதாதென்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பாள்.

அவளுக்குப் படம் பார்க்கத் தெரியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இந்தக் கிழவனுக்கு ஏன் முழங்கால் மட்டும் புதுசாய் இருக்கிறது, இந்தப் பெண்ணின் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா, இருந்தால் இடுப்பு ஏன் சரியவில்லை என்று கேட்பாள். நான் திரும்பக் கீறுவேன். மெல்ல மெல்ல அடிமட்டம் என் கையைவிட்டு இறங்கியது. பூச்சுக்குள் பேனா இறங்க அழுத்திக் கீறத் தொடங்கினேன். கந்தோரில் அப்படிக் கீறினால் ஏச்சு விழும்.

ஒருநாள் அந்தச் சனங்களில் ஒன்று வாய்க்காலுக்குள் இறங்கி நிற்பதைக் கீறினேன். நெடுநேரம் பார்த்தாள். மூன்று காலோடு சேற்றில் இறங்கினால் ஒரு காலைத் தூக்கினவுடன் விழுந்துவிடும் என்றாள். கதையில் மூன்றுதான் என்றேன். கதை எழுதினவன் சேற்றில் இறங்கியிருக்க மாட்டான் என்றாள். நாலாவது கால் ஒன்றைச் சேர்த்தேன். அதன்பிறகுதான் அது உண்மையில் நின்றது. அது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவளுக்குச் சொன்னேனா என்று நினைவில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அவள் முன்னறையில் குறுக்கே கயிறு கட்டிப் படங்களைக் கொழுவிவிட்டாள். ஆட்கள் வந்தால் கழற்றிவிடும்படி சொல்லி வைத்திருந்தேன். ஆனால் பெரியவர் சொல்லாமல் வந்தார். பக்கத்து வாய்க்கால் வேலையைப் பார்க்க வந்தவர், மத்தியான வெய்யிலுக்கு ஒதுங்க ஏறிவிட்டார். நல்ல மனிதர். கந்தோரில் அவருடைய ஒரு சிரிப்புக்கு எல்லோரும் பயப்படுவோம். இலை போட்டு அவரை இருத்தினோம். அவள் குசினிக்குள் போனாள். அவர் நிமிர்ந்து கயிற்றைப் பார்த்தார்.

"இதென்ன காணும், மாடோ, பேயோ?"

யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. திடுக்கிட்டுச் சொன்ன பொய் அல்ல அது.

"அது இவாட வேலை சேர்," என்றேன். "பிள்ளைத்தாச்சி. பொழுது போகாமல் எதையோ கீறுறா."

"நல்ல காலம். நீர் கீறினதெண்டு நினைச்சுப் பயந்துபோனன்," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் சொதிச் சட்டியோடு வாசலில் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. பெரியவர் அன்போடுதான் கேட்டார், இந்த மிருகத்துக்கு என்ன பேர் தங்கச்சி என்று. அவள் என்னைப் பார்க்கவில்லை. கை போன போக்கில் கீறினது, பேர் தெரியாது என்று சொல்லிவிட்டு அவருக்குச் சொதி விட்டாள். என் பொய்யை அவள் தாங்கிப் பிடித்தாள். அப்போது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

கதை கந்தோருக்குப் போயிற்று. உம்மட மனிசி பேய் கீறுறாவாமே என்று கேட்டவர்களிடம், ஓம் ஓம், நல்ல பேயாய்ப் பார்த்து உங்களையும் கீறச் சொல்லுறன் என்று பகிடி விட்டேன். கந்தோரிலிருந்து அது கிணற்றடிக்குப் போயிற்று. அங்கே அது பகிடியாக இருக்கவில்லை. பிள்ளைத்தாச்சி எதைப் பார்க்கிறாளோ பிள்ளை அந்தச் சாயலில் பிறக்கும் என்று நம்பிய காலம் அது. நல்ல படம் பார்க்க வேண்டிய நேரத்தில் இவள் அவலட்சணங்களைக் கீறிக் கொழுவி வைத்திருக்கிறாள், பிள்ளைக்குக் கால் கை எப்படி வருமோ என்று பெண்கள் அவள் காதுபடப் பேசினார்கள். அவள் ஒருத்திக்கும் மறுத்துச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. பெரியவரின் மனைவி என்னை வழியில் மறித்துப் புத்தி சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவவுக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை. சரி அக்கா, பார்த்துக்கொள்ளுறன் என்றுவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது முன்னறைக் கயிறு வெறுமையாக இருந்தது. பின்வளவுக் கொடியில் வெள்ளைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. அடுப்பில் துணி அவித்த ஏதனம் இன்னும் சூடாக இருந்தது. ஒரு படம்கூட மிச்சமில்லை. என்ன செய்தீர் என்று கேட்டேன். சத்தம் போட்டுக் கேட்டேன் என்றே நினைக்கிறேன்.

"என்ர கீறல்தானே," என்றாள். "அவிச்சிட்டன். பிள்ளைக்குச் சட்டை வேணும்."

அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மறுநாள் சஞ்சிகையை எடுத்துக்கொண்டு குசினி வாசலில் போய் இருந்தேன். அலுப்பாக இருக்கு, நீங்கள் வாசியுங்கோ என்றாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். பிறகு நான் போகவில்லை. சமைத்தாள், சிரித்தாள், என் சேட்டுக்குப் பொத்தான் தைத்தாள். ஒன்றும் குறையவில்லை. ஆனால் செவ்வாயில் தண்ணீர் வந்ததா என்று மட்டும் கேட்கவில்லை.

பிள்ளைப்பேற்றுக்காக அவளைத் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து முன்னறையில் இருந்தபோது, கயிறு அப்படியே கட்டியிருந்தது. நான் அவிழ்க்கவில்லை. வியாபாரி அடுத்த சஞ்சிகையைத் தந்தார், தொடர்கதையின் முடிவு அதில் இருந்தது. உறை போடாமல் மேசையில் வைத்தேன், வாசிக்கவில்லை. தனியே வாசித்தால் களவு செய்தது மாதிரி இருக்கும் என்று பட்டது. பென்சிலை எடுத்தேன்.

முதலில் வந்தது பழைய கைதான். தேங்காய் திருவும் திருவலையைக் கீறினேன், பிளான் வந்தது. எனக்கு நானே சில கட்டுப்பாடுகளை வைத்தேன். அடிமட்டம் கூடாது. கந்தோரில் பிழைக்கோட்டைச் சுரண்டும் அலகு வீட்டுக்கு வரக் கூடாது. விளக்கு ஏற்றுவதற்கு முன் ஒரு படம் முடிய வேண்டும், எப்படி இருந்தாலும் கிழிக்கக் கூடாது. ட்ரேசிங் சீலையை நான் தொடவில்லை. சாதாரணக் கடதாசி. கிணற்றடியை, விறகடுக்கை, வாசற்படியிலிருந்து பார்த்தால் தெரியும் குசினியைக் கீறினேன். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு அவள் என்ன கேட்பாள் என்று யோசிப்பேன். இந்தக் குடத்தில் தண்ணீர் இருக்கோ என்பாள். திருத்த மாட்டேன், அடுத்த நாள் வேறொன்று கீறுவேன். நாட்பட நாட்பட குடங்களில் தண்ணீர் வந்தது. வேற்றுலகத்துச் சனங்களை மட்டும் என்னால் கீற முடியவில்லை.

மகள் பிறந்தாள். இரண்டு கால், இரண்டு கை, தாயின் நெற்றி. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு மாமனார் வீட்டில் சமையல் ஏற்பாடாயிற்று. எங்கள் கந்தோர் ஆட்கள் லொறியில் வந்தார்கள். மனைவிமாரும் வந்தார்கள். பிள்ளையைப் பார்க்க வந்த ஒவ்வொருத்தியும் முதலில் கால்களைப் பார்த்ததை நான் கண்டேன். என் மனைவியும் கண்டாள். பிள்ளையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

பிள்ளைக்கு ட்ரேசிங் சீலைச் சட்டைதான் போட்டிருந்தது. பெரியவரின் மனைவி அதைத் தொட்டுப் பார்த்து, கண்ணைச் சுருக்கினா.

"இது வடிவாய் அவியேல்லைப் பிள்ளை. இன்னும் கோடு கிடக்கு."

"அது போகாது அக்கா," என்றாள் என் மனைவி.

நான் குனிந்து பார்த்தேன். கந்தோரில் கீறிய வாய்க்கால் கோடுகள் எல்லாம் பூச்சோடு கழன்று போயிருந்தன. அழுத்திக் கீறிய இடங்களில் மட்டும் மை நூலுக்குள் இறங்கி, சாம்பல் நிறத்தில் மெல்லியதாய் நின்றது. நீண்ட கழுத்து, பக்கத்துக் கண். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து, இது அந்தப் பேயெல்லோ என்றார். இதையோ பிள்ளைக்குப் போட்டாய் என்று யாரோ ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள். மனைவி வாய் திறக்கவில்லை. இந்த முறையும் அவளே தாங்கிக்கொள்வாள் என்று எனக்கு விளங்கியது.

"அது நான் கீறினது சேர்," என்றேன். "எல்லாம் நான் கீறினது. அண்டைக்குப் பொய் சொன்னனான்."

என் காது சுட்டது. பெரியவர் என்னைப் பார்க்காமல் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் சரிபார்க்கும்போது அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"மூண்டு காலில இது எப்பிடிக் காணும் நிக்கும்?" என்றார்.

"நாலு சேர்," என்றாள் என் மனைவி. "ஒண்டு தையலுக்குள்ள போயிட்டுது."

சட்டையின் ஓரத்தை விரலால் மடித்துக் காட்டினாள். அங்கே இருந்தது, அவள் வைக்கச் சொன்ன கால். பெரியவர் பார்த்துத் தலையாட்டினார்.

"அப்ப நிக்கும்," என்றார், பாலத்துக்குச் சொல்வதுபோல.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. நேர்மையானவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன். அன்று சொன்னதிலும் பிழை இருந்தது என்று விளங்க வெகுகாலம் எடுத்தது. முதல் முறை வெட்கத்தில் எல்லாவற்றையும் அவள் தலையில் கட்டினேன். இரண்டாம் முறை எல்லாவற்றையும் எனக்கென்று எடுத்துக்கொண்டேன். 'நாங்கள் கீறினது' என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் அதைக் கேட்கவுமில்லை, குறை சொல்லவுமில்லை. அதன்பிறகு எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தோம், அவளுடைய கேள்விகளுக்காகவே நான் நூற்றுக்கணக்கில் கீறினேன். அந்த ஒரு சொல்லை அவளுக்குச் சொல்லவில்லை. இங்கே எழுதி வைப்பது அவளுக்குப் போய்ச் சேராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அன்று ஆட்கள் போனபின், பொழுது சாயும் நேரம், அவள் பின்வளவில் பிள்ளையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். நிமிராமலே கேட்டாள்.

"கடைக்கண்டத்துச் சனத்துக்குத் தண்ணி வந்ததோ?"

"தெரியாது. புத்தகம் வந்திட்டுது, நான் வாசிக்கேல்லை."

"இவ்வளவு நாளும் என்ன செய்தனீங்கள்?"

பையிலிருந்து கடதாசிக் கட்டை எடுத்து நீட்டினேன். எல்லாவற்றுக்கும் மேலே குசினி வாசல் இருந்தது. அவள் எழுந்து, சீலைத் தலைப்பை எடுத்து, இரண்டு கையையும் உள்ளும் புறமும் துடைத்தாள். அது வெறும் கடதாசி, ஈரம் பட்டால் அப்படியொன்றும் கெட்டுப்போகாது. நான் சொல்லவில்லை. அவள் துடைத்து முடியும்வரை நீட்டிக்கொண்டே நின்றேன்.